பன்னிரண்டு நிமிடத் தாமதம்

ஜனவரி 4

அன்பு அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். உருண்டை எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். குழந்தைக்கு நான்கு மாதம் ஆகப் போகிறது. கழுத்து என்று ஒன்று இருப்பதே குளிப்பாட்டும்போதுதான் தெரிகிறது. படம் வைத்திருக்கிறேன், பார்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். ஒரு மாதம் இருப்போம். நடுவில் நாலு நாள் எல்லாருமாக ஏரிக்கரை விடுதிக்குப் போகலாம் என்று இவர் சொல்கிறார்.

இதைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்திருப்பாய். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதையேதான் எழுதினேன். முதல் தடவை இவருக்கு லீவு கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை வயிற்றில் இவள் இருந்ததால் டாக்டர் விடவில்லை. இரண்டு தடவையும் நீ முன்னறைக்கு வெள்ளையடித்து, லீவு எழுதிக் கொடுத்து ஏமாந்தாய். உன்னைப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது. இந்தத் தடவை கண்டிப்பாக வருவேன், அக்கா. நம்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னவள்

*

ஜனவரி 21

சின்னவளுக்கு,

உன் கடிதம் பதினான்கு நாளில் வந்தது. போன கடிதத்துக்குப் பதினொன்று. தபால்காரரிடம் காரணம் கேட்டிருக்கிறேன். என் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது. மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை. குழந்தையைப் பார்த்தேன். பெயர் பொருத்தம்தான்.

தாளைப் பார்த்து முகம் சுளிக்காதே. பஸ் டிப்போவில், வண்டி போய் வரும் நேரம் எழுதிக் கழித்துப் போட்ட டிரிப் ஷீட், பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

படத்தின் பின்னால் குழந்தை பிறந்தது செப்டம்பர் 9 என்று எழுதியிருக்கிறாய். தப்பு. ராத்திரி ஒன்று நாற்பதுக்குப் பிறந்தவள் எட்டாம் தேதிக்காரி. எங்கள் டிப்போவில் நாள் என்பது காலை நாலு மணிக்கு முதல் வண்டி வெளியே போகும்போது தொடங்கும். கடைசி வண்டி உள்ளே வந்தால்தான் முடியும், அது ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. நடுவில் பன்னிரண்டு அடித்தது என்பதற்காக நாங்கள் புது ஷீட் எடுப்பதில்லை. பத்தொன்பது வருடமாக டைம்கீப்பர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், நேரத்தைப் பற்றி என்னோடு வாதாடாதே.

மே மாதம் வருவதாக எழுதியதையும் படித்தேன். ஒன்று சொல்கிறேன். இந்தத் தடவையும் வராவிட்டால், இனி வருகிறேன் என்று எழுதாதே. சுகம் விசாரி, படம் அனுப்பு, வேறு என்ன வேண்டுமானாலும் எழுது. வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. வராத வண்டியைப் பலகையில் எழுதிப்போட்டு ஆட்களை நிற்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 13

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லையா? நாங்கள் நலம்.

உருண்டைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனோம். போட்டோவில் கண் திறந்திருக்க வேண்டுமாம், வாய் மூடியிருக்க வேண்டுமாம், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாதாம். இவள் கண்ணைத் திறந்தால் வாயும் திறக்கிறது. வாயை மூடினால் கண்ணும் மூடுகிறது. கடைசியில் வெள்ளைத் துணியைத் தரையில் விரித்துப் படுக்க வைத்து, போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறி எடுத்தார். முப்பத்தோராவது படத்தில் ஒரு கணம் வாயை மூடினாள். கைதி மாதிரி முறைக்கிறாள். ஐந்து வருடத்துக்கு அதுதான் முகம்.

ஒன்பது மணி நேரம் விமானத்தில் இவளை எப்படி வைத்திருப்பேன் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஏறும்போது காது வலிக்கும் என்கிறார்கள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கண்ணைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்வேன். காதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உன் ஜன்னலுக்கு எல்லா வகை ஆட்களும் வருவார்களே, யாரையாவது கேட்டு எழுது.

உன் சின்னவள்

*

மார்ச் 2

சின்னவளுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். நிம்மதியா? உங்கள் மூன்று பேர் சுகத்தையும் எழுது.

ஏழு இருபது வண்டியில் ஒரு நர்ஸ் தினமும் போகிறார். அவரைக் கேட்டேன். "ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடுக்கச் சொல்லுங்க. முழுங்க முழுங்க காது தானா திறந்துக்கும்" என்றார். வண்டி மூன்று நிமிடம் நின்றது. காரணக் கட்டத்தில் 'பயணி விசாரணை' என்று எழுதினேன், விசாரித்தவள் நான் என்று எழுதவில்லை. இங்கே ஒரு நிமிடம் தாமதமானாலும் ரிஜிஸ்டரில் காரணம் எழுதியாக வேண்டும், தெரியுமா.

முன்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மூன்றாவது பூச்சு. இதற்கு மேல் அடித்தால் அறை சுருங்கிவிடும். பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் தன் பிள்ளையின் தொட்டிலைக் கொடுத்திருக்கிறார். ஒரு கால் ஆடியது, அட்டை மடித்து வைத்தேன்.

மாப்பிள்ளைக்கு லீவு உறுதியா? ஏசி மெக்கானிக்குக்குக் கோடையில் லீவு தருவார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா

*

மார்ச் 29

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், உன் நலம் கேட்டு எழுதுகிறேன். உருண்டைக்குக் கீழே இரண்டு பல். கடித்தால் தெரிகிறது.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அக்கா. மே 15, 00:40. அந்த நேரத்துக்கு அங்கே இறங்குகிறோம். சீட்டில் எப்படி அச்சடித்திருக்கிறதோ அப்படியே எழுதியிருக்கிறேன். முன் வரிசையில் சுவரோடு மாட்டும் குழந்தைத் தொட்டில் தருவார்களாம். நர்ஸம்மாவுக்கு என் நன்றியைச் சொல். தொட்டில் கொடுத்தவருக்கும். ஆடுகிற தொட்டில் காலுக்கு நீ மடித்து வைத்த அட்டைக்கும்.

விமான நிலையத்திலிருந்து உன் ஊர் மூன்றரை மணி நேரப் பயணம் என்று தெரியும். ஆனாலும் நீ வந்து நிற்க வேண்டும். எனக்கு வாசலைத் தாண்டியதும் உன் முகம்தான் தெரிய வேண்டும்.

உன் சின்னவள்

*

ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

சுகம்தான். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

00:40ஐக் குறித்துக்கொண்டேன். பதினைந்தாம் தேதி ஷீட்டில் கடைசி வரி. சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நான் வந்து நிற்பேன். பத்தொன்பது வருடத்தில் எந்த வண்டிக்கும் நான் தாமதமாக வந்ததில்லை, உனக்கா வரப் போகிறேன்?

வீட்டில் போன் இல்லை என்பதற்காக டிப்போ போனுக்குக் கூப்பிடாதே. அது வண்டிகளுக்கு. வீட்டு விஷயம் பேசக் கூடாது என்று அதன் மேல் அட்டை ஒட்டியவளே நான்தான்.

மாப்பிள்ளையின் லீவைப் பற்றிக் கேட்டிருந்தேன். பல்லைப் பற்றிப் பதில் வந்திருக்கிறது.

அக்கா

*

மே 10

அன்பு அக்காவுக்கு,

நலமாக இரு, கோபப்படாமல் இரு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் உன் வீட்டில் இருப்பேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இவருக்கு லீவு பத்து நாள் தள்ளித்தான் கிடைத்தது. நானும் உருண்டையும் மட்டும் முதலில் வருகிறோம். முன்னாலேயே சொல்லியிருந்தால் "தனியாக் கைக்குழந்தையத் தூக்கிட்டு வரவேண்டாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எழுதியிருப்பாய். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை என்று ஜனவரியிலேயே நீ சொல்லிவிட்டாயே. திட்டுவதை நேரில் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

உன் சின்னவள்

*

ஜூன் 22

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மூன்று பேரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? முன்னறை வெறிச்சென்று இருக்குமே.

ஒரு மாதம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. நீ உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டி எண்களைச் சொல்லிக் கொடுத்தது, ஏரிக்கரையில் முழங்கால் வலியை மறந்து தண்ணீரில் இறங்கியது, இவர் வந்த அன்று "ஏசி மெக்கானிக்குக்கு எங்க வீட்டு மின்விசிறி போதுமா?" என்று கேட்டது, எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் அடிப்பாய்.

மே மாதம் அங்கே வரும்போது விமானத்தில் நடந்ததை உன்னிடம் முழுக்கச் சொல்லவே இல்லை. அந்தச் சுவர்த் தொட்டிலில் உருண்டை நுழையவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு தச்சர். அவர் விரலை மடக்கி அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு விரக்கடை பத்தலம்மா. இழைக்கிறதுன்னா குழந்தையத்தான் இழைக்கணும்" என்றார். அழுகையாக வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பாதி தூரம் அவர் மார்பில்தான் தூங்கினாள். அவர் சட்டையில் மர வாசனை. நான் சாப்பிட்டேன், கழிப்பறைக்குப் போனேன், இருபது நிமிடம் கண் மூடினேன். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கின பிறகு காத்திருந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதையே நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன் சின்னவள்

*

ஜூலை 9

சின்னவளுக்கு,

சுகம். தொட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எலக்ட்ரீசியனும் கேட்கவில்லை.

பெரிய விஷயமில்லை என்று நீ சொல்லாதே. நான் சொல்கிறேன். மே 15, 8:40க்கு உள்ளே வர வேண்டிய ஏர்போர்ட் வண்டி 8:52க்கு வந்தது. ஜன்னலைத் திறந்து டிரைவரிடம், "பன்னெண்டு நிமிஷம் லேட்டு. என்ன காரணம்?" என்று கேட்டேன். "காரணம் பின்பக்கமா இறங்குதும்மா" என்றார். பார்த்தால் நீ. தோளில் குழந்தை. நான் ஏழு வருடம் கழித்துப் பார்த்த தங்கச்சியிடம் முதலில் என்ன கேட்டேன்? "இன்னைக்கு ராத்திரிதானே?" அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. உலகத்துக்கு 00:40 என்றால் நாள் தொடங்கிவிட்டது. எனக்கு மட்டும் அது நாளின் கடைசி வரி. நீ பதினான்காம் தேதி ராத்திரியே வந்து இறங்கிவிட்டாய். நான் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணி நேரம் கைக்குழந்தையோடு தெரியாத இடத்தில் உன்னை உட்கார வைத்தேன். ஒரு மாதம் முழுக்க நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நீ அப்படிப்பட்டவள் இல்லையே.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வண்டி அங்கிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஐந்து பன்னிரண்டுக்குக் கிளம்பியிருக்கிறது. ஏன் என்று டிரைவரைப் பத்துத் தடவை கேட்டாகிவிட்டது. "தங்கச்சியக் கேளுங்கம்மா" என்கிறார். ரிஜிஸ்டரில் காரணக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. என் கையெழுத்தில் காலிக் கட்டம் இதுவரை கிடையாது. அங்கே என்ன நடந்தது?

அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருப்பாய். உருண்டை நாற்காலியைப் பிடித்து நிற்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துவிட்டு, யார் தள்ளியது என்று சுற்றிப் பார்க்கிறாள். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். இவர் வேலை முடிந்து வரும்போது ஐஸ் வாங்கி வருகிறார், எனக்கு என்று சொல்லி அவரே சாப்பிடுகிறார்.

டிரைவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் சின்னவள்

*

செப்டம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

நீ நலம்தானே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ கோபமாக இல்லை, காத்திருக்கிறாய் என்று தெரியும். பதில் வராமல் அடுத்த கேள்வி கேட்கிறவள் இல்லை நீ.

இன்று உருண்டைக்கு ஒரு வயது. உன் கணக்கில் நேற்றே ஆகிவிட்டது. இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல ஒரு மாதமும் வாய் வரவில்லை.

வாசலைத் தாண்டி வந்தேன். எல்லாருக்கும் யாரோ நின்றார்கள். எனக்கு யாரும் இல்லை. அரை மணி நேரம் வண்டி தாமதம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆனதும், நீ எந்த வண்டிக்கும் தாமதமாக வந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. அக்கா, நீ வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்துவிட்டேன். இரண்டு தடவை உன்னைக் காக்க வைத்தேன் இல்லையா, அதைத் திருப்பிக் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். பையில் உன் ஜனவரிக் கடிதம் இருந்தது. எடுத்துப் படித்தேன். திரும்பத் திரும்ப அதையே படித்தேன். உருண்டைக்கு வைத்திருந்த பாலும் தீர்ந்துவிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, பால்மாவு கரைக்கக் கொடுத்தார். குழந்தை குடித்து முடிக்கும்வரை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் முகம் எனக்கு மறக்காது.

ஐந்து மணி ஆகும் முன்பே விமான டிக்கெட் கவுன்டர் திறந்தது. நான் போய் வரிசையில் நின்றேன். திரும்பிப் போவதற்கு. எனக்கு முன்னால் இரண்டு பேர்தான்.

உன் கடிதம் அப்போதும் கையில் இருந்தது. டீ குடிக்க உள்ளே வந்த டிரைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "இது எங்க டிப்போ ஷீட்டாச்சே. நீங்க டைம்கீப்பரம்மாவோட தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "வாங்கம்மா, வண்டி கிளம்பப் போகுது."

"நீங்க போங்க. நான் ஊருக்குத் திரும்பிப் போறேன். எங்க அக்காவுக்கு நான் வர்றது பிடிக்கல."

அவர் போகவில்லை. என் பையைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் என் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் சொன்னார்: "அம்மா பத்தொன்பது வருஷத்துல மூணு தடவைதான் லீவு எழுதியிருக்காங்க. மூணும் நீங்க வர்றீங்கன்னுதான். இன்னைக்குச் சாயங்காலம் ஏர்போர்ட் வண்டியில முன் சீட்டுப் பிடிச்சு வெச்சிருக்காங்க. அதுல வேற யாரையும் உக்கார விடக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

இன்றைக்குச் சாயங்காலம். அதைக் கேட்டதும்தான், 'பதினைந்தாம் தேதி ஷீட்டில் கடைசி வரி' என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. ஏப்ரலில் படித்துவிட்டுச் சிரித்த வரி. எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்து, கவுன்டர் பெண் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. டிரைவர்தான் அவளிடம், "இவங்க டிக்கெட் எடுக்கல, வந்துட்டாங்க" என்றார்.

வண்டியில் இருபது பேர் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உன் பன்னிரண்டு நிமிடம்.

உன்னை அப்படி நினைத்ததற்கு மன்னித்துக்கொள்.

உன் சின்னவள்

*

செப்டம்பர் 27

சின்னவளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

நான் அப்படிச் செய்வேன் என்று நினைத்தாயா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஜனவரியில் நான் எழுதியதை நினைத்துப் பார்த்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எப்படி நினைப்பாய்? மன்னிப்பை நீ கேட்கக் கூடாது. நான்தான் கேட்கிறேன். வருகிறேன் என்று நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுது. வராவிட்டாலும் எழுது. நான் வெள்ளையடிக்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை?

மறுநாள் காலை டிரைவர் வண்டியை நிறுத்தியதும் ஜன்னலை விட்டு இறங்கி அவரிடம் போனேன். ஜன்னலை விட்டு நான் இறங்கியதே இல்லை, அவர் பயந்துவிட்டார். நன்றி என்று சொல்லத்தான் போனேன். "பன்னெண்டு நிமிஷம் போதுமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"போதுமா இருந்துச்சும்மா. போதலன்னா இன்னும் நின்னிருப்பேன்" என்றார்.

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. டிப்போவே பார்த்தது. பார்க்கட்டும். அந்தத் தச்சர், வெந்நீர் ஊற்றின அம்மா, வண்டியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபது பேர், இவர்களை எல்லாம் நான் எங்கே போய்த் தேடுவேன்? அவர்கள் இல்லாவிட்டால் நீ எனக்கு இல்லை. தினமும் காலையில் ஏர்போர்ட் வண்டி உள்ளே வரும்போது அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ரிஜிஸ்டரில் காரணக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். 'டைம்கீப்பர் பிழை. ஓட்டுநர் மீது குற்றமில்லை.' மேலதிகாரி பார்த்துவிட்டு, "அங்க நின்ன வண்டிக்கு இங்க உக்காந்திருக்கிற நீங்க எப்படிம்மா காரணம்?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் ஒன்பது பிறந்த உருண்டைக்கு என் முத்தம். ஆம், ஒன்பதுதான். அவளுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், டிப்போவில் சொல்லிவிடாதே.

வருகிறேன் என்று நீ இன்னும் எழுதவில்லை, தெரியும். ஆனாலும் அடுத்த மே மாதத்துக்கு நாலாவது லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலண்டர் வாங்கி ஜன்னல் பக்கத்தில் மாட்டி, அதைப் பார்த்துத்தான் தேதி எழுதினேன்.

அக்கா